ருசி தெரியாமல் மயிலாப்பூரில் சாப்பிட்டோம்

மார்கழி மாதம், திங்கட்கிழமை காலை அடையாறுக்குப் போன அந்த ஆட்டோவில் இருந்தவர்கள்: நான், என் மனைவி செண்பகம், அவள் தம்பி பால்ராஜ், ஆட்டோ ஓட்டியவர். ஆக நாலு பேர். என் பனியனுக்குள் பை வைத்துத் தைத்து அதில் போட்டிருந்த பதினைந்தாயிரம் ரூபாயையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் நான் பயந்துகொண்டு வந்தேன்.

அது ஒரு கல்யாண வீட்டார் கொடுத்த முன்பணம். சங்கரன்கோவிலில் செண்பகம் கல்யாணச் சமையல் செய்கிறாள். சாமான் வாங்குவதும், ஆள் பிடிப்பதும், அடுப்பு மூட்டுவதும் என் வேலை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கவலைப்பட அதற்கு மேல் படிப்பு தேவைப்படவில்லை.

ஐப்பசியில் வந்த ஒரு காய்ச்சலில் செண்பகத்துக்கு வாசனையும் ருசியும் போய்விட்டன. காய்ச்சல் இறங்கிவிட்டது, போன இரண்டும் திரும்பவில்லை. தை மாதம் அறுநூறு பேருக்கு ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தோம். மறுநாள் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப் பாலில் வைக்கிற குழம்புதான் சொதி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை மறந்தாலும் சொதியை மறக்க மாட்டார்கள். முடியுமா முடியாதா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் பெண்ணின் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். ஒரு கல்யாணத்தைத் திருப்பிக் கொடுத்த சமையல்காரியை எங்கள் ஊரில் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

கார்த்திகையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு அவள் சமைத்தபோது, ருசி பார்த்துச் சொன்னது நான்தான். எனக்குக் கொஞ்சம் ரத்தக்கொதிப்பு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், நான் பயந்துபோய் நிறுத்தியே விட்டேன். அதனால் ஒரு கல் உப்புப் போட்டாலும் என் நாக்குக்குக் கடல். "சரியா இருக்கு" என்று சொன்னேன். சொதி பச்சைத் தண்ணீராக இருந்திருக்கிறது. பந்தியில் உருளைக்கிழங்கு சிப்ஸ் மட்டும் ஓடு ஓடென்று ஓடியது. ஏனென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டு வைத்தியத்துக்காகச் சென்னைக்குக் கிளம்பும்போது அந்தப் பணத்தை அங்கே விட்டுவர மனம் வரவில்லை. ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கும்போது நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"இன்னா சார், வயிறு நோவுதா? அமுக்கிக்கினே வர்றியே" என்றார் ஆட்டோக்காரர்.

"அது நோவு இல்லண்ணே, அத்தானுக்கு சுபாவம்" என்றான் பால்ராஜ். அவன் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறான். கடைக்காரர் எங்கள் பக்கத்து ஆள்தான்.

"அடையாறுல ஆஸ்பத்திரி பக்கத்துலயே காபி கடை கீது சார். பில்லு மட்டும் ரெண்டுலயும் ஒண்ணுதான். அத்தப் பாத்தா மெய்யாலுமே நோவும்" என்றார் ஓட்டுநர்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். மூக்கில் விளக்கடித்துப் பார்த்தாள், ஸ்கேனுக்கு எழுதினாள், வியாழக்கிழமை வரச் சொன்னாள். அதுவரை காலையும் மாலையும் எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் எல்லாவற்றையும் மோந்து பார்க்க வேண்டும். "விதவிதமா சாப்பிடுங்கம்மா, புதுசு புதுசா. நாக்குக்கும் மூக்குக்கும் வேலை குடுங்க" என்றாள். ஊர் சுற்றிச் சாப்பிடச் சொல்லி மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

வெளியே வந்ததும் பால்ராஜ் எங்களை ஒரு பழைய பங்களாவுக்குள் கூட்டிப் போனான். யாரோ குடியிருந்த வீட்டைக் காபிக்கடையாக்கியிருந்தார்கள். கூடத்தில் மேசை, படுக்கையறையில் மேசை, மாமரத்தடியிலும் மேசை. சுவரெல்லாம் ஓவியங்கள், ஒவ்வொன்றின் கீழும் விலை. என் நாற்காலிக்கடியில் ஒரு நாய் படுத்திருந்தது. யாருடையது என்று கேட்டேன். "எல்லாருடையதும்" என்றான் பரிமாற வந்த பையன். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

பக்கத்து மேசையில் கொண்டை போட்ட ஒரு வாலிபனும் கையெல்லாம் பச்சை குத்திய ஒரு பெண்ணும் இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பால்ராஜ் தனக்குப் புரிந்தவரை எனக்குத் தமிழில் சொன்னான். "ரெண்டாவது காட்சியில நீ சாகறத யாரும் நம்ப மாட்டாங்க" என்கிறாள் அவள். "முதல் காட்சியில நான் உயிரோட இருந்தத நம்புனாங்களா?" என்கிறான் அவன். நாடகக்காரர்களாம். பிறகு இரண்டு பேரும் ஒரே கேக்கைப் பாதியாக வெட்டிச் சாப்பிட்டார்கள்.

எங்களுக்கு வந்தது ரொட்டிமேல் பச்சையாக எதையோ மசித்துத் தடவியது. வெண்ணெய்ப் பழமாம். செண்பகம் மெதுவாக மென்றாள்.

"எனக்கு சோப்பத் திங்க மாதிரி இருக்கு. உங்களுக்கு?"

"எனக்கும் அப்படித்தான் இருக்கு."

"அப்ப என் நாக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அங்கேதான். பில்லைப் பார்த்து நான் மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

தங்கியது அசோக் நகரில், பால்ராஜின் மொட்டைமாடி அறையில். அவன் மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். அந்தக் கட்டிடத்தில் நாலு வீட்டுக்கு வேலை செய்யும் செல்வி சாயங்காலம் மேலே வந்தார். முன்பு அவருக்குச் சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரம் வீடு. அதை இடித்து ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள், இப்போது தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறார். பால்ராஜ் வைத்திருந்த ரசத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா நைனா இது, இத்த வெச்சு நான் தரை கழுவவா?" அவர் எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தி. நகர். ரங்கநாதன் தெருவில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நடத்திக்கொண்டு போய்விடும். நான் இரண்டு கையையும் வயிற்றில் கட்டிக்கொண்டு மிதந்தேன். தூத்துக்குடிப் பேச்சும் திருநெல்வேலிப் பேச்சும் கல்லாக்களுக்குப் பின்னாலிருந்து கேட்டன. ஊரைவிட்டு அத்தனை தூரம் வந்தது எங்கள் ஊர்க்காரரிடம் விலை கேட்கத்தானா என்றிருந்தது.

செண்பகம் அன்று ஒரு விஷயம் கண்டுபிடித்தாள். கரும்புச்சாறு அவளுக்குக் குளிர்ந்த தண்ணீர். அல்வா வெறும் கொழகொழப்பு. ஆனால் முறுக்கைக் கடித்ததும் முகம் மாறியது. "ருசி போனாலும் சத்தம் போகல பாத்தியளா" என்றாள். அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் காதால் சாப்பிட்டாள். பானிபூரி முதல் கடியில் ஒரு சத்தம், அப்புறம் ஊமை. தட்டைக்கு நீளமான சத்தம். பால்ராஜ் வேலை பார்க்கும் கடையில் மத்தியானம் ஊழியர்களுக்குப் போடும் அப்பளத்தைக் கடித்துவிட்டு, "காலையில பொரிச்சது, மூடாம வச்சிருக்காவ" என்று தீர்ப்புச் சொன்னாள். விசாரித்தால் அப்படித்தான். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. எனக்கு, சொதியில் சத்தம் கிடையாதே என்ற கவலை.

புதன்கிழமை மயிலாப்பூர். மார்கழி விடியற்காலையில் அங்கே பார்க்க வேண்டும் என்று பால்ராஜ் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ் ஏறினோம். மெட்ரோ ரயிலுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் எங்கோ திரும்பியது, இன்னொரு பக்கம் திரும்பியது, இரும்புத் தகரத் தடுப்புக்கு நடுவே ஊர்ந்தது, கடைசியில் மந்தைவெளிப் பக்கம் நின்றுவிட்டது.

"மயிலாப்பூர் இன்னும் வரலையே" என்றேன் கண்டக்டரிடம்.

"அது வராது சார், நீதான் போவணும். நேரா நட."

நடந்தோம். வாசலுக்கு வாசல் கோலம். அதை மிதிக்காமல் போகிறேன் என்று நான் ரோட்டின் நடுவில் போக, ஒரு ஸ்கூட்டர் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. சுவர்களில் கச்சேரி நோட்டீஸ்களும் நாடக நோட்டீஸ்களும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருந்தன. வெள்ளைக்காரர் ஒருவர் பஞ்சகச்சம் கட்டி, வீணைப் பெட்டியைக் குழந்தை மாதிரி மார்பில் அணைத்துக்கொண்டு எதிரே வந்தார். எங்களைப் பார்த்து "குட்மார்னிங்" என்று சொல்வார் என்று நான் தயாராகிக்கொண்டிருந்தபோது, "வழி விடுங்கோ" என்றார்.

வழி தவறித்தான் அந்தச் சின்னப் பெருமாள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் வரிசை நின்றது. தொன்னையில் பொங்கல் கொடுத்தார்கள். நெய் விரலில் ஒட்டியது. செண்பகம் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "அரிசி குழைஞ்சிருக்கு, கஞ்சி ஆகல. கைகாரன்" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. தொன்னையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோயிலின் பக்கவாட்டுச் சந்தில் ஒரு கதவு. அதில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வாயையும் மூக்கையும் துண்டால் இறுக்கிக் கட்டி, இடுப்பில் கை வைத்து, எதிரே இருந்த தண்ணீர்க் குழாயையே முறைத்துக்கொண்டிருந்தார். குழாயில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. செண்பகத்தால் கேட்காமல் இருக்க முடியாது.

"என்னத்த சாமி அப்படிப் பாக்கீங்க?"

அவர் துண்டை இறக்கினார். "இன்னிக்குப் பொங்கல்ல உப்பு எப்படீன்னு பார்த்துண்டிருக்கேன்."

"குழாயிலயா?"

"பின்னே? அதிகமாப் போச்சுன்னா பொங்கல் வாங்கினவா எல்லாம் இங்கதான் வந்து நிப்பா. கொறைஞ்சு போச்சுன்னா தொன்னை அதோ அந்தக் கூடையில பாதியோட விழும். ரெண்டும் இல்லேன்னா நான் போய்க் காபி குடிக்கலாம்." பெயர் சீமாச்சு என்றார். அந்த மடைப்பள்ளியில் அவர்தான் சமையல்.

"வாயில வச்சுப் பாத்தா தெரிஞ்சிராதா?"

"சிவ சிவா! பெருமாள் கோயில்ல நின்னுண்டு என்னை சிவசிவான்னு சொல்ல வெச்சுட்டேளே! பெருமாள் அமுது பண்றதுக்கு முன்னால நாங்க ருசி பார்க்கப்படாதும்மா. மோந்துகூடப் பார்க்கப்படாது. உள்ள அடுத்த நைவேத்தியம் அடுப்புல இருக்கு, அதுக்குத்தான் மூக்கையும் சேர்த்துக் கட்டிண்டு நிக்கறேன். எனக்கு அடுப்படியில நாக்கும் கிடையாது, மூக்கும் கிடையாது."

செண்பகம் தொன்னையைக் கீழே வைத்துவிட்டாள். "ஒரு நாளும் கிடையாதா?"

"ஒரு நாளும்."

"உப்பு கூடுனா சாமி கோவிக்காதா?"

"பெருமாள் இதுவரைக்கும் வாயைத் திறந்ததில்லை. நாலாவது வீட்டுச் சம்பத் மாமாதான் திறப்பார். அவருக்குப் போட்டுட்டா ஊருக்கே போட்டாப்பல."

"எதை வச்சு அளக்கீங்க?"

அவர் வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். அவ்வளவுதான். செண்பகம் தன் கையையும் அதே மாதிரி நீட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் பிரசாதம் வாங்க நிற்கிற மாதிரி நின்றார்கள். பிறகு எந்தப் பருப்புக்கு எவ்வளவு, அடுப்பிலிருந்து இறக்கும் முன்னா பின்னா, கல் உப்பா தூளா என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நான் குழாயைப் பார்த்தேன். ஒரே ஒரு பாட்டி கால் கழுவிக்கொண்டிருந்தார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் மாட வீதிகளைச் சுற்றினோம். ஒரு வீட்டு ஜன்னல் வழியாகவே பஜ்ஜி விற்றார்கள். மத்தியானம் ஒரு சபாவின் கேன்டீனில் உட்கார்ந்தோம். உள்ளே கச்சேரி நடந்தது, வெளியே அதைவிடப் பெரிய கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து இலையில் இரண்டு பெரியவர்கள்.

"கச்சேரி எப்படி ஓய்?"

"இன்னும் உள்ள போகலை. கீரை வடை தீர்ந்துடும்னா. தோடி எங்கே ஓடிப்போறது?"

செண்பகம் தன் இலையைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த தண்ணீர் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் காதில், "சாம்பார்ல உப்பு கொஞ்சம் கூட" என்றாள். நான் அந்த இரண்டு பெரியவர்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நன்னாக் கேட்டேள், கரிக்கறது!" என்றார் கீரை வடைக்காரர்.

அந்த மகிழ்ச்சி எனக்கு வீடு திரும்பும்வரைகூட நிற்கவில்லை. இலை போட்ட பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? குழாயடியில் கூட்டம் கூடும்போது சொதி ஏற்கெனவே வயிற்றுக்குள் போயிருக்குமே. பஸ்ஸில் இதைச் சொன்னேன். அவள் கையைக் குழித்துக் குழித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பயப்பட ஒன்றுமில்லையாம். ருசி திரும்பலாம், சில மாதம் ஆகலாம், சிலருக்கு முழுசாகத் திரும்பாமலும் போகலாம். "தைக்குள்ள வந்துருமா?" என்று கேட்டேன். "அது நான் சொல்ல முடியாதுங்க" என்றாள். நல்ல பெண், பொய் சொல்லவில்லை. கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

பெசன்ட் நகர் கடற்கரையில் போய் உட்கார்ந்தோம். சுண்டல் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தோம். வயிற்றில் பணம் கல் மாதிரி இருந்தது. நாளைக்கே பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டு எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

செண்பகம் எழுந்து சேலையில் மணலைத் தட்டினாள். "தேங்காய் வாங்கணும். இன்னிக்கு ராத்திரிக்கு சொதி வைக்கேன். செல்வியச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க. நீங்க மட்டும் வாயத் திறக்கக்கூடாது."

பால்ராஜின் ஒற்றை அடுப்பில் அவள் சொதி வைத்தாள். தேங்காயைப் பிழிந்து முதல் பாலைத் தனியாக எடுத்து வைத்தாள். இரண்டாம் பாலில் காய்கள் வெந்தன. பாசிப்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய். அப்புறம் என் துண்டை வாங்கி மூக்கோடு சேர்த்து வாயைக் கட்டிக்கொண்டாள். "எதுக்கு?" என்றேன். "உள்ளது போனதுன்னு நெனச்சா அழுகை வருது. கட்டி வச்சிருக்குன்னு நெனச்சிக்கிடுதேன்" என்றாள் துண்டுக்குள்ளிருந்து. கல் உப்பை உள்ளங்கையில் எடுத்தாள், பார்த்தாள், நாலு கல்லைத் திரும்பப் போட்டாள், மிச்சத்தைக் குழம்பில் விட்டாள். எடுத்து வைத்த முதல் பாலை ஊற்றி இறக்கி, எலுமிச்சை பிழிந்தாள். கை எங்கேயும் நிற்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தது செல்வி, பால்ராஜ், நான். நடுவில் ஒரு தட்டு உருளைக்கிழங்கு சிப்ஸ், கொஞ்சம் இஞ்சித் துவையல். ஒரு குடம் தண்ணீர், மூன்று டம்ளர். அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. குடத்துக்கும் சிப்ஸுக்கும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உப்புக் கூடினால் குடம் இறங்கும், குறைந்தால் சிப்ஸ் ஓடும்; கார்த்திகையில் ஓடியது அதனால்தான்.

"இன்னாக்கா இது, கொழம்பா பாயசமா?" என்றார் செல்வி. பிசைந்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். அப்புறம் பேச்சில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அது நல்லதா கெட்டதா?

எனக்கு இஞ்சித் துவையல் தொண்டையில் ஏறிவிட்டது. கண்ணில் நீர் முட்டியது. குடம் கையெட்டும் தூரம். ஆனால் நான் தண்ணீரைத் தொட்டால் உப்புக் கூடிவிட்டது என்று அவள் நினைத்துவிடுவாளே! மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருமல் வந்தது, அமுக்கினேன். இன்னும் பெரிதாக வந்தது.

"அண்ணா, விக்கிக்கினு கீது, தண்ணி குடிண்ணா!" என்றார் செல்வி. நான் தலையை ஆட்டினேன். "அய்ய, இன்னாண்ணா, மூஞ்சி செவந்து போச்சு! குடிண்ணா!"

"ஏங்க, குடிச்சுத் தொலைங்க" என்றாள் செண்பகம். "உங்கள யாரு கணக்குல எடுத்தா?"

நான் இரண்டு டம்ளர் குடித்தேன். வேறு யாரும் குடத்தைத் தொடவில்லை. சிப்ஸில் செல்வி இரண்டு எடுத்தார், பால்ராஜ் நாலைந்து. அவன் எப்போதும் எடுக்கிறதுதான்.

"உப்பு எப்படி இருக்கு?" கடைசியில் நான்தான் கேட்டுவிட்டேன்.

"உப்பா? உப்புக்கு இன்னா? அத்த ஏன் கேக்குற?" என்ற செல்வி, காலித் தட்டை நகர்த்திவிட்டுத் தன் பையிலிருந்து டப்பாவை எடுத்துச் செண்பகத்தின் முன்னால் வைத்தார். "இதுல கொஞ்சம் ஊத்துக்கா. பஸ்ஸுல சிந்தாம மூடியக் கெட்டியாப் போடு. ஊட்டுக்காரருக்கு எதுவும் புடிக்காது, இத்தத் துன்னுட்டு இன்னா சொல்றார்னு பாக்கணும்."

செண்பகம் டப்பா நிறைய ஊற்றினாள். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஊருக்கு ரயில். அதற்கு முன் தி. நகரில் ஒரு பாத்திரக்கடைக்குள் நுழைந்தாள். பெரிய எவர்சில்வர் தண்ணீர் டிரம் ஒன்றைத் தட்டிச் சத்தம் கேட்டாள், குழாயைத் திருகிப் பார்த்தாள். "பணத்த எடுங்க" என்றாள்.

"எந்தப் பணம்?"

"வயித்துல கட்டிக்கிட்டு அலையுதியளே, அந்தப் பணம்."

அதில் ஒரு ரூபாய் எடுத்தாலும் திருப்பிக் கொடுக்க முடியாதே என்றேன். "அதுக்குத்தான் சொல்லுதேன்" என்றாள். அடுக்கி வைத்த அண்டாக்களுக்குப் பின்னால் நின்று, கடைக்காரரிடம் கத்தரி வாங்கித் தையலைப் பிரித்தேன். "வயித்துல ஆபரேஷனா அண்ணாச்சி?" என்று கடைப்பையன் கேட்டான்.

நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதற்குள் அவள் பெண்ணின் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "சமையலப் பத்திக் கவலப்படாதீங்க அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு. பந்தியில தண்ணி டிரம்ம நான் சொல்லுத எடத்துலதான் வைக்கணும். என் அடுப்புக்கு நேர் எதுக்க. ஆமா. முதல் பந்தி சின்னதாப் போடுங்க, உங்க வீட்டு ஆளுகளுக்கு மட்டும். அவ்வோ எந்திரிச்ச பெறகுதான் ஊருக்குப் போடுவேன்." பஸ்ஸில் நான் கேட்டதற்குப் பதில் அதுதான்: ஊர் உட்காருவதற்கு முன் உப்பைத் திருத்த அவளுக்கு ஒரு பந்தி கிடைக்கும்.

டிரம்மை ரயிலில் எங்கே வைப்பது, யாராவது உட்கார்ந்து நசுக்கிவிடுவார்களோ, டிக்கெட் கேட்பார்களோ என்று நினைத்தபடி அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். வயிறு லேசாக இருந்தது. எழுபத்தைந்தாயிரத்துக்குப் பேசியதில் முன்பணம் போக, பெண் வீட்டார் எங்களுக்கு இன்னும் தரவேண்டியது அறுபதாயிரம் ரூபாய்.